கணவரைப் பெயிலாக்கிய ஓட்டைகள்

முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய பிறகு சொல்லப்படும் செய்தியை மறுத்துப் பேசுவது உடம்புக்கு ஆகாது. கத்தி அவர் கையில் இருக்கிறது, கழுத்து நம்முடையது.

“துப்பாக்கி கிளப்புல ஒரு அம்மா, கட்டின புருஷனையே கம்ப்யூட்டர்ல பெயில் பண்ணிட்டாங்களாம் சார்,” என்றார் கடைக்காரர்.

“எந்தப் பாடத்துல?”

“ஓட்டையில.”

பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “ஓட்டை கம்மியாப் போச்சுன்னு பெயிலாம். எல்லாம் வீட்டுச் சண்டை சார். வீட்டுல தீராததை ஆபீஸ்ல வெச்சுத் தீர்த்துட்டா. மெஷின் யார் கையில இருக்கோ, அவங்க சொல்றதைத்தானே சொல்லும்?”

“அந்தாளு இப்ப பட்டறையிலதான் படுக்கையாம். ரெண்டு பேரும் பேசிக்கணும்னா நடுவுல அவர் தங்கச்சி வேணுமாம்,” என்று கடைக்காரர் கத்தரியால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். அதில் என் காதோரம் கொஞ்சம் கூடுதலாகவே போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் திறந்த வாய்க்குள் எட்டிப் பார்க்கத் தடையில்லை. மனைவி கணவனை வீட்டில் பெயிலாக்குவது ஒரு செய்தியே அல்ல. அது அன்றாடம் நடக்கும் உள்தேர்வு. கம்ப்யூட்டரைச் சாட்சி வைத்து, நாலு பேர் முன்னால், ஓட்டைக் கணக்கில் பெயிலாக்குவது புதிது. மறுநாளே கிளப்புக்குப் போனேன்.

கிளப் ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்தையும் தாண்டி இருக்கிறது. நீளமான புல்வெளி. அதன் நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்திலிருந்து ஓர் இயந்திரம் களிமண் தட்டை வானத்தில் எறியும். நிற்பவர் அதைச் சுட்டு உடைக்க வேண்டும். உடைந்தால் கை தட்டுவார்கள். வீட்டில் தட்டை உடைத்தால் கிடைக்கும் மரியாதைக்கு நேர் எதிரான மரியாதை இங்கே. அதனால்தான் உறுப்பினர்களில் கல்யாணமானவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன்.

இந்தத் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு கிடையாது. ஒரு தோட்டாவுக்குள் கடுகளவு ஈய ரவைகள் முந்நூறு சொச்சம் இருக்கும். சுட்டதும் கூட்டமாகக் கிளம்பி, போகப் போக விரியும். எவ்வளவு விரிகிறது என்பதில்தான் சூட்சுமம். ரொம்ப விரிந்தால் ரவைகளுக்கு நடுவில் தட்டு நழுவிப் போய்விடும். விரியவே இல்லையென்றால், குறி கொஞ்சம் பிசகினாலும் மொத்தக் கூட்டமும் தட்டுக்குப் பக்கத்தில் ஊர்வலம் போய்விடும். இதைக் கட்டுப்படுத்துவது துப்பாக்கிக் குழலின் வாயில் திருகிப் பொருத்தும் விரல் நீள முனைக்குழாய். அதன் கழுத்து உள்ளுக்குள் லேசாகச் சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கம் மயிரிழைக் கணக்கு. உள்ளே இன்னும் கொஞ்சம் சீவினால் கழுத்து அகலமாகும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

அந்தக் குழாய்களை லேத்தில் கடைபவர்தான் செய்தியில் வந்த கணவர். கிளப்பில் அவரை எல்லாரும் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். குழாய் எப்படி அமைந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்பவர் அவர் மனைவி. அவருக்கு உறுப்பினர்கள் வைத்த பெயர் ‘சல்லடை’. எத்தனை ஓட்டை என்று கேட்டால் சொல்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

“பேர் வெச்சவரோட துப்பாக்கியும் போன மாசம் பெயில்,” என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார் சல்லடை.

அவருடைய அறை ஒரு கண்ணாடி மேசைக்காகக் கட்டிய அறை போல இருக்கிறது. மேசைக்கு அடியில் வரிசையாக விளக்குகள். மேலே கூரையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஒரு கேமரா. கொட்டகையில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைக் காகிதத்தைச் சுடுவார்கள். சுட்ட காகிதத்தைக் கொண்டுவந்து இந்த மேசைமேல் விரிப்பார்கள். அடியிலிருந்து வெளிச்சம் ஓட்டை வழியே மேலே வரும். பகலிலேயே நட்சத்திரம் தெரியும். கேமரா படம் பிடிக்கும், கம்ப்யூட்டர் எண்ணும், கூட்டத்தின் நடுமையம் எங்கே என்று கண்டுபிடித்து அதைச் சுற்றி வட்டம் போடும், வட்டத்துக்குள் நூற்றுக்கு எத்தனை ரவை என்று சொல்லும். எழுபதுக்கு மேல் வந்தால் பாஸ்.

சல்லடைக்கு இந்த வித்தை நெசவாலையில் பழகியது. அங்கே ஓடும் துணியை கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடத்தில் மணி அடிக்கும். அந்தப் பிரிவை ஆலை மூடியதும் இங்கே வந்தார்.

“மில்லுல ஓட்டை இருந்தா துணியைத் தள்ளிடுவாங்க. இங்க ஓட்டை இல்லன்னா துப்பாக்கியைத் தள்ளிடுவாங்க. ஓட்டைக்கு வந்த வாழ்வைப் பாருங்க!”

அவர் வருவதற்கு முன்னால் எண்ணிக் கொண்டிருந்தவர் சாட்சாத் மாஸ்டர்தான். கையில் பென்சில், ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு டிக். கடைந்தவரே எண்ணுவதில் ஒரு வசதி உண்டு. மாஸ்டரின் பென்சில் தாராளமான பென்சில் என்றும், சொந்தக் குழாய் என்றால் ஒரு கிழிசலுக்கு இரண்டு டிக் விழும் என்றும் முணுமுணுப்பு இருந்தது. அதனால்தான் சல்லடை வந்ததும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்: முடிவை யாரும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, எண்ணியவர் எழுந்து நின்று, கூடியிருப்பவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும். முணுமுணுப்புக்கு அவர் கண்ட மருந்து உரத்த குரல்.

முதலில் மேசை கிடையாது. காகிதத்தைப் பலகையில் மாவுப் பசை போட்டு ஒட்டி, முன்னாலிருந்து படம் பிடித்தார். ஓட்டை கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஒருநாள் நூற்றுக்கு நூற்றிநாலு வந்தது. சுட்ட ரவையைவிடப் பட்ட ரவை அதிகம்! துப்பாக்கியின் சொந்தக்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் நூற்றிநாலில் சில புள்ளிகள் இடம் மாறி உட்கார்வதைப் பார்த்தார்கள். மாவுப் பசைக்கு வந்த ஈ.

ஈக்குப் பயந்து பசையை விட்டுக் கண்ணாடி மேசைக்கு மாறினார். அங்கே இன்னொரு வில்லன். தோட்டாவுக்குள் ரவைகளைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தக்கை ஒன்று உண்டு. கொட்டகையின் நீளம் குறைவு. முழுத் தூரத்துக்கு இடமில்லை. பாதித் தூரத்தில் வைத்துச் சுட்டால் ரவையோடு தக்கையும் பறந்து வந்து காகிதத்தில் பெரிய ஓட்டை போடும். கம்ப்யூட்டர் அதையும் ரவையாகப் பாவித்துத் தடுமாறியது. சல்லடை அதற்கு ஒரு கட்டளை போட்டார்: இந்த அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் அது தக்கை, கணக்கில் சேர்க்காதே.

நல்ல கட்டளை. எல்லாருக்கும் பொருந்தியது, மாஸ்டர் அந்தக் குழாயைக் கடையும் வரை.

கிளப் துப்பாக்கிகள் அத்தனைக்கும் புது முனைக்குழாய் தேவைப்பட்டது. வெளியில் வாங்கலாமா, மாஸ்டரே கடையட்டுமா என்று கமிட்டியில் பேச்சு. செயலாளர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க ஓட்டையை அடைத்தவர், இப்போது ஓட்டை எண்ணும் இடத்துக்குத் தலைமை. “மாஸ்டர் செட்டாவே கடையட்டும். அதுல ஒண்ணை எடுத்துச் சோதிப்போம். பாஸானா எல்லாமே அவர்துதான். இல்லன்னா வெளியில வாங்கிடலாம்,” என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் ஒரு பெட்டி நிறையக் கடைந்து வைத்தார். ஒன்றைச் சுட்டார்கள். காகிதம் மேசைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முழுக்க அறையில் நின்றது. சல்லடை எழுந்தார்.

“வட்டத்துக்குள்ள அம்பத்தொண்ணு. பெயில்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்று பிறகு தெரிந்தது. “வீட்டுல அரிசி உலையில இருக்குமா இன்னைக்கு?” என்று வேறு கேட்டாராம். மாஸ்டர் துப்பாக்கியைத் துணியால் துடைத்தார், உறையில் போட்டார். வாசலில் நின்று திரும்பி, “கம்ப்யூட்டர் சொன்னா சரிதான்,” என்றார்.

ஆக, வதந்தியின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைச் சரிபார்க்க நாத்தனாரைப் பார்த்தேன். மாஸ்டரின் தங்கை அண்ணன் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். கிளப்பில் தோட்டா கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து எதையும் எடுத்துக் கொடுத்துப் பழகியதால் அபிப்பிராயங்களையும் தாராளமாக எடுத்துக் கொடுக்கிறார்.

“பட்டறையிலயா படுக்குறாரு? யாரு சொன்னது? எங்க அண்ணனுக்கு அவரோட தலகாணி இல்லன்னா தூக்கம் வராது. பேசிக்கிறது இல்லன்னா சொன்னாங்க? பேசாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே!”

“சண்டையா?”

“சண்டைன்னா பரவாயில்லையே. மரியாதை! அதைத்தான் பாக்க முடியல. ‘கொஞ்சம் தண்ணி குடுங்க’ன்னாரு. இருபது வருஷமா ‘ஏய், இங்க வா’ன்னு கூப்பிட்ட பொண்டாட்டிய ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டாரு. அண்ணி அன்னைக்கு அழுதுட்டாங்க. என் அண்ணனை பெயில் பண்ணின மகராசி, ஒரு ‘ங்க’வுக்கு அழுவுறாங்க.”

நாத்தனாருக்கு அண்ணன்மேல் சந்தேகமில்லை. தோட்டாமேல் சந்தேகம். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமே. அன்றைய பெட்டியில் ரவை குறைவாக அடைத்திருப்பார்கள், அதனால்தான் ஓட்டை குறைந்தது என்பது அவர் வாதம். அதே பெட்டியிலிருந்து நனைந்து கழித்த தோட்டா இரண்டை செயலாளரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேசைமேல் வைத்து, “அறுங்க அண்ணி. இப்ப தெரிஞ்சிடும்,” என்றார்.

சல்லடை வெடிமருந்தைத் தனியே கொட்டிவிட்டு ரவையைத் தட்டில் பரப்பினார். நாத்தனாரும் அண்ணியும் எதிரெதிரே உட்கார்ந்து, பருப்பில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினார்கள். பெட்டியில் போட்டிருந்த எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஒன்றிரண்டு அதிகமாகவே இருந்தது.

“சரி. தோட்டா மேல தப்பில்ல,” என்றார் நாத்தனார். “அண்ணன் மேலயும் தப்பிருக்காது. மிச்சம் யாரு?”

“உன் கண்ணு முன்னாடியே உக்காந்திருக்கேன். சொல்லிடு.”

“சொல்லாம விடுவேனா? இருங்க. வட்டத்துக்குள்ள பாதிதானே வந்துச்சு? வெளியில எவ்வளவு?”

“வெளியில ரொம்ப இல்ல. ஓரத்துல அங்கொண்ணு இங்கொண்ணு.”

“அப்ப ரெண்டையும் கூட்டினா தோட்டாவுல இருக்குறது வரணுமே?”

“காகிதத்துக்கு வெளியில கொஞ்சம் போயிருக்கும்…”

“காகிதத்தோட ஓரத்துலயே ஆளில்லையாம், அதுக்கும் வெளியில மட்டும் கூட்டமா? மீதி எங்க அண்ணி? ஆவியாயிடுச்சா?”

இது ஒரு கேள்வியே அல்ல, வசவு. அண்ணியை மடக்க வேண்டும் என்று கேட்டது. ஆனால் சல்லடையின் கை தட்டின்மேல் அப்படியே நின்றுவிட்டது. வட்டத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகியவர் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்ததே இல்லை. எல்லாத் துப்பாக்கியிலும் கொஞ்சம் வெளியே போகும். இல்லாததெல்லாம் வெளியே போனதுதான் என்று வைத்துக்கொள்வார். காணாமல் போனவரை ஊரைவிட்டுப் போனார் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

மறுநாள் காலையில் அறையைத் திறந்ததும் அந்தக் காகிதத்தை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நடுவில் கை முஷ்டி நுழையும் அளவுக்குக் கிழிசல். சுற்றிலும் இழை இழையாகத் தொங்கியது. ரவைகள் அவ்வளவு நெருக்கமாக வந்ததில், தனித்தனி ஓட்டை போட இடமில்லாமல் காகிதத்தையே பிய்த்துக்கொண்டு போயிருந்தன. கம்ப்யூட்டர் படத்தில் அந்த இடத்தைச் சாம்பல் நிறத்தில் அடைத்து, பக்கத்தில் ‘தக்கை’ என்று எழுதியிருந்தது. சல்லடை போட்ட கட்டளை. கம்ப்யூட்டர் அதற்குப் பணிந்து, கூட்டத்தில் பாதியைக் குப்பையில் போட்டிருந்தது. குழாய் மோசமாக இருந்து மதிப்பெண் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் பாஸாகியிருக்கும்.

இங்கே நின்று கொஞ்சம் யோசிக்கலாம். நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் எண்ணுகிறோம். நமக்குப் பழக்கமான அளவைவிடப் பெரிதாக ஏதாவது எதிரே வந்தால், அது கிழிசல் என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கூட்டிச் சதவீதம் சொல்கிறோம். ஆனால் சல்லடைக்கு யோசிக்க நேரமில்லை. பட்டறையில் லேத்தின் மோட்டார் உறும ஆரம்பித்துவிட்டது.

மாஸ்டர் தன் பங்குக்குக் காரணம் கண்டுபிடித்திருந்தார். கழுத்தை அளவுக்கு மேல் நெரித்தாலும் ரவை மிரண்டு சிதறும்; இது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. அம்பத்தொண்ணு என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்றால் தான் நெரித்தது அதிகம். ஆகவே பெட்டியில் இருக்கும் எல்லாக் குழாயிலும் உள்ளே இன்னும் கொஞ்சம் சீவி, கழுத்தை அகலப்படுத்தி, மறுபடி சோதனைக்குக் கொடுப்பது. நல்ல குழாய்களைக் கெடுப்பதற்கு இதைவிடத் துல்லியமான வழி கிடையாது. கெட்ட பிறகு சோதித்தால் நிஜமாகவே பெயில். அப்புறம் அவர் கடைசலை யார் சீந்துவார்கள்?

சல்லடை உள்ளே நுழைந்தபோது முதல் குழாயை லேத்தின் வாயில் வைத்து, இறுக்கும் சாவியைக் கையில் எடுத்திருந்தார்.

“நிறுத்துங்க!”

“மெஷின் பக்கத்துல வர்றப்ப புடவையைப் பாத்துக்கோங்க,” என்றார் மாஸ்டர். மரியாதை மாறாமல்.

“உங்க குழாய் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா எண்ணிட்டேன்.”

“நீங்க எங்க எண்ணினீங்க? கம்ப்யூட்டர் எண்ணுச்சு.”

“அதுக்குச் சொல்லிக் குடுத்தவ நான்.”

“அது மேல பழி போடாதீங்க. பாவம், அதுக்கு என் மேல என்ன பகை? சொந்தமா, பந்தமா?”

“அப்ப எனக்குத்தான் பகைங்குறீங்களா?”

மாஸ்டர் மோட்டாரை நிறுத்தினார். அந்த அமைதியில் பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது என்று இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

“போன ஞாயித்துக்கிழமை பெயில், இன்னைக்குப் பாஸ். ஊர்ல என்ன சொல்லுவாங்க? வீட்டுல சமாதானம் ஆயிட்டாங்க போலன்னு சொல்லுவாங்க. பொண்டாட்டி போட்ட பிச்சைன்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பாஸ் வேண்டாம். நான் சீவிக்கிறேன்.”

“சீவினா போச்சுங்க! திரும்ப வருமா?”

“வராது. அது என் கையோட கணக்கு.”

இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. சல்லடை அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினார், கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார், வெளியே வந்துவிட்டார். சாவி இல்லாத லேத் வாய் இருந்தும் கடிக்க முடியாத மிருகம். மாஸ்டர் பின்னாலேயே வாசல்வரை வந்து, “அதைக் குடுத்துட்டுப் போங்க!” என்று கத்தினார். கத்தும்போதும் ‘ங்க’.

செயலாளர் அறையில் வேறு சங்கடம். “அம்மா, நீங்க வாசிச்சது கமிட்டிக் குறிப்புல ஏறிடுச்சே. இப்ப நீங்களே இல்லன்னா? பல்லைப் பிடுங்கிட்டு, அய்யய்யோ பக்கத்துப் பல்லுன்னு சொல்ற மாதிரி இல்ல?”

“பக்கத்துப் பல்லுதான் சார். அதுக்காக வலிக்கிற பல்லை விட்டுடுவீங்களா?”

டாக்டருக்கு அந்தத் தொழில் நியாயம் பிடித்துவிட்டது. இல்லையென்றால் பழைய அனுபவம் ஏதாவது நினைவுக்கு வந்திருக்கலாம். எதுவானாலும் ஒப்புக்கொண்டார். வெளியே புல்வெளியில், முழுத் தூரத்தில் சுடுவது. தூரம் கூடினால் ரவைகள் விலகி விலகிப் பாயும். ஒரு ரவைக்கு ஓர் ஓட்டை விழும். அவ்வளவு தூரத்துக்குத் தக்கையும் வராது. துப்பாக்கியை மணல் மூட்டைமேல் படுக்க வைத்து, குறிப் புள்ளிக்கு நேராக வைத்து, செயலாளரே சுடுவார். மாஸ்டர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாத்தனார் பிரிக்காத பெட்டியை எல்லார் முன்னாலும் பிரிப்பார்.

எல்லார் என்றால் யார்? வாரநாள், காலை வெயில், ஆளில்லை. செயலாளர், நாத்தனார், மாஸ்டர். புல் வெட்டுகிறவர் கூட அன்றைக்கு லீவு.

சுட்டார்கள். காகிதம் மேசைக்கு வந்தது. சல்லடை அந்தத் தக்கைக் கட்டளையை எடுத்துவிட்டு எண்ண வைத்தார். எழுந்து நின்றார். மூன்று பேருக்கு மூன்று அடி தூரத்தில் நின்றுகொண்டு, அறை நிறைய ஆள் இருப்பது போலக் குரலை உயர்த்தி வாசித்தார்.

“வட்டத்துக்குள்ள எழுபத்தாறு. பாஸ்.”

“ஆங்!” என்றார் நாத்தனார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. திரையில் அடுத்த வரி இருந்தது. சல்லடை அதைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“கூட்டத்தோட மையம், குறிப் புள்ளிக்கு இடது பக்கம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி.”

“அதையும் படிச்சே ஆகணுமா அண்ணி?” என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

“இருக்கே.”

ரவை நெருக்கமாகத்தான் போகிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. மாஸ்டர் முதுகுக்குப் பின்னாலிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு மேசைக்கு வந்தார். காகிதத்தில் குறிப் புள்ளிமேல் ஒரு விரல், ரவைக் கூட்டத்தின் நடுவில் ஒரு விரல் வைத்துப் பார்த்தார். அடியில் விளக்கு எரிய, கையின் நிழல் கூரையில் பெரிதாக விழுந்தது. 

“கழுத்துல தப்பில்ல. குழாய் உக்கார்ற விளிம்புல சாய்வு இருக்கு,” என்று செயலாளரிடம் சொன்னார். “என் தப்புதான். விளிம்பை மட்டும் தேய்ச்சா நேரா வந்துடும்.” பிறகு மனைவி பக்கம் திரும்பினார். “இது அன்னைக்குக் காகிதத்துலயும் இருந்துச்சா?”

சல்லடை பழைய படத்தைத் திரையில் எடுத்தார். இருந்தது. பாதித் தூரத்துக்குப் பாதிச் சாய்வு. அதே இடது.

“அப்பறம் ஏன் வாசிக்கல?”

“பெயில்னதும் எல்லாரும் கெளம்பிட்டாங்க. நானும் நிறுத்திட்டேன்.”

“பெயில் பண்ணினதுக்கு நான் ஏதாவது சொன்னேனா? பாதியில ஏன் நிறுத்தின? இதை வாசிச்சிருந்தா, நான் கழுத்துப் பக்கமே போயிருக்க மாட்டேனே! நேரா விளிம்பைத்தானே பாத்திருப்பேன்? சொல்லு!”

  “அவர் திட்டினது ரொம்ப நாளைக்கப்பறம் காதுல நல்லா விழுந்துச்சு,” என்றார் சல்லடை என்னிடம். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். செயலாளருக்கு மட்டும் ஒன்றும் புரியாமல், “திட்டாதீங்க மாஸ்டர், பாஸ்தானே சொன்னாங்க,” என்று சமாதானம் செய்திருக்கிறார்.

வெளியில் வாங்கும் பேச்சை செயலாளர் அன்றே நிறுத்தினார். சாவி கைப்பையிலிருந்து லேத்துக்குத் திரும்பியது. நான் போனபோது மாஸ்டர் விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் பாதி முடிந்திருந்தது. தேய்த்தவை ஒவ்வொன்றும் புல்வெளியில் முழுத் தூரத்தில் சுடப்பட்டு, மையத்தில் உட்கார்ந்து பாஸாகின்றன. சல்லடை இப்போது வட்டம், மொத்தம், மையம் மூன்றையும் வாசித்துவிட்டுத்தான் உட்கார்கிறார். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்துவதில்லை.

ஆக, முடிவெட்டும் கடைக்கு நான் கொண்டு போகக்கூடிய திருத்தம் இவ்வளவுதான்: பெயிலாக்கியது நிஜம், சண்டைக்காக இல்லை, பேசாமல் இருந்தது பொய், பேசியதுதான் கஷ்டம், மெஷின் அவர் சொன்னபடி சொன்னது நிஜம், அதுதான் வினையே. இதில் எந்த வரியும் வதந்தி அளவுக்கு ருசியாக இல்லை. கடைக்காரர் வாங்கிக்கொள்வாரா தெரியாது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பெயில் என்று வாசித்தபோது அறை முழுக்க ஆள். பாஸ் என்று வாசித்தபோது மூன்றே பேர்.

“அன்னைக்கு எத்தனை காதுல விழுந்துச்சோ, அத்தனை காதுலயும் இது விழணும்,” என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். கோபமாக இல்லை. கடைசலில் அளவு சொல்வது போலச் சொன்னார். “எழுபத்தாறும் வாசிக்கட்டும், இடது பக்கமும் வாசிக்கட்டும். எனக்கு எதையும் குறைக்க வேண்டாம்.”

சல்லடைக்கும் இதில் மறுப்பில்லை. “நியாயம்தானே? நான் பட்ட கடன்,” என்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஆள் சேருவதைப் பார்க்கிறார். பழைய கூட்டம் முழுசாகச் சேர மாட்டேன் என்கிறது. ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். வந்தால் இன்னொருவருக்குக் காய்ச்சல். போன ஞாயிறு கிட்டத்தட்ட எல்லாரும் வந்துவிட்டார்கள். சல்லடை எழுந்துகூட நின்றுவிட்டார். மாஸ்டர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“சிரிச்சாரே, பேங்க்காரர், அவர் எங்க?”

“அவருக்கு முழங்கால் ஆபரேஷனாம்,” என்றது ஒரு குரல்.

“அப்ப வேண்டாம். உக்காரு.”

நான் பத்திரிகையில் எழுதிவிடுகிறேனே, ஊருக்கே தெரிந்துவிடுமே என்று ஒரு வழி சொல்லிப் பார்த்தேன். மாஸ்டர் லேத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எழுதுங்க சார், அது உங்க பொழப்பு. ஆனா அது கண்ணுல படுறது. நான் கேட்டது காதுல.”

“யாராவது இதைச் சத்தமாப் படிச்சா கணக்குல சேருமாங்க?” என்று வாசலில் நின்ற சல்லடை கேட்டார்.

“அது வேற ஆளோட குரல். கடன் பட்டது நீ.”

வங்கிப் பெரியவரின் முழங்காலை விசாரிக்க நாத்தனார் பழங்களோடு போய் வந்திருக்கிறார். நடக்க இன்னும் நாளாகும் என்றார்களாம். காகிதம் சுருட்டியபடி அறையில் பீரோவுக்கு மேலே இருக்கிறது.